டாப் கியர் போடாத மனுஷன்

“அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அண்ணன் பகல்ல ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. மத்த நேரத்துல ரேஸ் ஓட்டுறாரா?”

ஜெயங்கொண்டம் மெக்கானிக் வைரக்கண்ணு, பைக்கிலிருந்து கழற்றிய பழைய பிஸ்டனை அம்பிகாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அதன் பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள்.

“போன வருஷம்தான் புதுசு போட்டேன். அதுக்குள்ள தின்னுட்டாரு. டாப் கியர் போட வேண்டிய வேகத்துல செகண்ட்லயே முறுக்குனா இஞ்சின் தாங்குமா? கத்துதுல்ல? கத்துனா மாத்தணும்ல? ஸ்பீடு மீட்டர் முள்ளுதான் செத்துப்போச்சு, காதுமா செத்துப்போச்சு?”

அவன் சிரித்தான். அம்பிகாவும் சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

எதிர் டீக்கடையில் ராஜராஜன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். “என்னங்க!” என்று கூப்பிட்டாள். டீக்கடைக்காரர் திரும்பினார், நாய்கூடத் திரும்பியது. கட்டிய புருஷன் திரும்பவில்லை.

இது புதிதில்லை. ஒரு வருஷமாகவே இப்படித்தான். கூப்பிட்டால் பதில் இருக்காது. போன் செய்தால், “அப்புறம் பேசுறேன்” என்று கட் செய்துவிடுவான். வேறு எவளோ வந்துவிட்டாளோ என்று அவன் போனை ஒருநாள் திருட்டுத்தனமாகப் பார்த்தும்விட்டாள். ஒன்றும் இல்லை. தன்மேல் சலிப்புத் தட்டிவிட்டது என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ராஜராஜன் வந்து வண்டியில் ஏறினான்.

“அண்ணே, புது செட்டு! கொஞ்ச நாளைக்கு முறுக்காம ஓட்டுங்க!” என்றான் வைரக்கண்ணு.

“ம்… ம்…” என்று சிரித்துத் தலையாட்டிய ராஜராஜன் அடுத்த கணமே செகண்ட் கியரில் முறுக்கினான். வண்டி வீறிட்டது. வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொள்வதை அம்பிகா திரும்பிப் பார்த்தாள்.

உடையார்பாளையம் ரோடு. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. காலடியில் இஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது.

“கியர மாத்துங்க.”

அவன் கை அதே கியரில் இன்னும் முறுக்கியது.

‘காதுமா செத்துப்போச்சு?’ என்று வைரக்கண்ணு கேட்டது அம்பிகாவுக்கு நினைவு வந்தது. மஞ்சு அவர்களுடைய ஒரே மகள், பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். அவள் தும்மினாலே பஸ் ஏறிவிடுகிற அப்பன் இவன். அம்பிகா அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி நிதானமாக ஒரு பொய்யைச் சொன்னாள்.

“மஞ்சு மயக்கம் போட்டு விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்.”

ராஜராஜன் முகத்தைப் பாதி திருப்பினான்.

“இந்த வருஷம் முந்திரி நல்லா பூத்திருக்குல்ல?”

அவள் அவன் காதையே பார்த்தாள்.

பின்னால் ஹார்ன். திரும்பினாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி முட்டுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தது. மறுபடி ஹார்ன், நெஞ்சைப் பிளக்கிற மாதிரி. ராஜராஜன் ரோட்டின் நடுவிலேயே போனான். அம்பிகா இரண்டு கையாலும் அவன் இடது தோளைப் பிடித்து இழுத்தாள். வண்டி மண்ணில் இறங்கிச் சறுக்கி நின்றது. லாரி காற்றடித்துக் கடந்தது. “சாவுகிராக்கி! காது அவிஞ்சுபோச்சா?” என்று கிளீனர் கத்திவிட்டுப் போனான்.

அம்பிகா இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தமே வரவிடாமல்.

‘நான் பேசுறது கேக்குதா?’

“கேக்குதே. ஏன்?” என்றான் ராஜராஜன்.

அவள் கண் நிரம்பியது. மாட்டிக்கொண்டது அவனுக்கும் புரிந்துவிட்டது. வண்டி டேங்கின்மேல் கையூன்றிக் குனிந்துகொண்டான்.

“கல்லு ஒடைக்கிற கிரஷர்ல வேலை பாத்தப்பவே ஒரு காது போச்சு. இது போன வருஷம்… தேஞ்ச இஞ்சின் கையில உதறும் அம்பிகா. அத வச்சுத்தான் கியர் மாத்திக்கிட்டிருந்தேன். வைரக்கண்ணு புதுசு போட்டான், உதறல் நின்னுபோச்சு. பெரிய கியர் போட்டா திணறி நடுரோட்ல நின்னுடுமோன்னு பயம். அதான் சின்னதுலயே…”

“என்கிட்ட ஏன் சொல்லல? என்னைப் புடிக்கலன்னுல்ல நெனச்சேன்!”

“பின்னால உக்காந்து ஓயாம பேசிக்கிட்டே வருவ. மொதல்ல கேக்காமப் போனதே அந்தப் பேச்சுதான். அத எப்புடிடீ சொல்ல?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவன் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

“வேன்?”

“கண்ணாடி இருக்கு. புள்ளைங்க வாயப் பாத்துக்குவேன்.”

“பின்பக்கம் டயர்கிட்ட ஒரு புள்ள விழுந்து கத்துனா?”

இதுவும் அவனுக்குப் புரிந்தது. வண்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“ஒரே ஒரு வருஷம். மஞ்சு படிச்சு முடிச்சிரட்டும்” என்றான் கடைசியில்.

“நம்ம புள்ள படிக்க ஊரார் புள்ளையப் பணயம் வைக்கச் சொல்றீங்களா?”

அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை.

காலையில் அவனே சட்டை மாட்டினான். “வா. ஸ்கூல்ல நானே போய்ச் சொல்லிடுறேன். என் வாயால சொன்னா மரியாதையாவது மிஞ்சும்.”

வழியில் அவளாகத்தான் ஆரம்பித்தாள். வண்டி குரல் உயர்த்தும்போது அவன் தோளில் ஒரு தட்டு. அவன் கியர் மாற்றினான். மறுபடி ஒரு தட்டு. டாப் கியர் விழுந்தது. அலறல் அடங்கி, இஞ்சின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு ஓடியது. ஒரு வருஷத்தில் முதல்முறை.

“பார்ரா, ராஜராஜன் அண்ணன் இன்னிக்கு ஒழுங்கா போறாரு!” என்று பஸ் ஸ்டாப்பில் எவனோ நக்கலடித்தான். அம்பிகாவுக்குக் கேட்டது.

பள்ளிக்கூட கேட் தெரிந்தது. வரிசையில் நின்ற மஞ்சள் வேன்களும் தெரிந்தன. வேகம் குறைந்தது. இப்போது கீழ்க் கியருக்கு அவள் தட்ட வேண்டும். கேட்டைத் தாண்டினால் அவனுக்கு வேன் இல்லை. கை எழவில்லை. பெரிய கியரில் மூச்சு முட்டிய வண்டி உலுக்கியது, திணறியது, கேட்டுக்கு முன்னாலேயே அணைந்து நின்றது.

ராஜராஜன் மெல்லத் திரும்பினான்.

“தட்டலையே அம்பிகா?”