மருந்து வாடை

பீர் ஆலையில் சுவை பார்க்கும் அறை அது, ஜன்னல் இல்லாதது. வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, மூன்று நாற்காலிகள். குவளைகள் மட்டும் அடர்சிவப்பு. பீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு நாக்கு அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. ஒரு குவளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி ஒரு துண்டு. எல்லோரும் மதிப்பெண் எழுதித் தாளைக் கவிழ்க்கும்வரை பேச்சு கிடையாது. ஆலைச் சரக்கை ஏற்றிப்போகும், தூக்கத்திலும் பேசுகிற லாரிக்காரர்கூட அந்த அறையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அங்கே யாரும் அரைக் குவளைகூடக் குடித்து முடிப்பதில்லை. ஒருவருடைய உழைப்பை மற்றவர்கள் நியாயமாக எடைபோடும் இடம் அது. கவனம் சிதறாமல், பொய் எழுதாமல் செய்யும் எந்த வேலையும் பிரார்த்தனைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அன்று காலை ஐந்து குவளைகள் வந்தன. முதலாவது லாகர் என்ற இலேசான பீர், ரொட்டியின் மேலோட்டு வாசனையோடு. இரண்டாவதில் ஹாப் பூவின் கசப்பும் எலுமிச்சைத் தோலின் வாசமும் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தன. மூன்றாவது ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்; வறுத்த காபி கொஞ்சம் தீய்ந்துபோன மாதிரி. நாலாவது புளிப்பு பீர், நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. மூக்கக்கா நான்குக்கும் தயங்காமல் மதிப்பெண் போட்டாள். அவளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே அவளுடைய மூக்குதான். ஐந்தாவது குவளையை வாயருகே கொண்டுபோனபோது கை நின்றது.

கட்டுத்துணி. கிருமிநாசினி. ஈரத் துடைப்பம் போட்ட தரை. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லப் புரண்டு படுத்தார்கள். இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர்.

தாளில் "மருந்து வாடை" என்று எழுதிக் கவிழ்த்தாள்.

"அஞ்சாவது அட்டகாசம்," என்றார் லாரிக்காரர், எல்லாத் தாளும் கவிழ்ந்ததும். "வாழைப்பழ வாசனை, கொஞ்சம் கிராம்பு. அம்பதுக்கு நாப்பது குடுத்திருக்கேன்."

"நீங்க என்னிக்கு நாப்பதுக்குக் கீழ குடுத்தீங்க? குவளை கழுவின தண்ணிய வச்சாலும் நாப்பதுதான்," என்று சிரித்தார் லேப்காரர். ஆலையின் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அவர்தான் குழுவுக்குத் தலைவர். சிரித்துக்கொண்டே மூக்கக்காவின் தாளைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரியலையேக்கா. இது கோதுமை பீர். கிராம்பு வாசனை இருக்கும். கிராம்பும் மருந்தும் பங்காளிங்க. இன்னொரு தடவ பாருங்களேன்."

"கிராம்பு எது, இது எதுன்னு எனக்குத் தெரியாதா சார்?"

அவர் தாளைக் கீழே வைத்தார். கழுவும் தண்ணீரில் குளோரின் மிஞ்சினால் பீரில் இந்த வாடை ஏறும். முதலில் மெலிதாக இருந்து, பாட்டிலில் நாள்பட நாள்பட முற்றும். போன வருடம் மற்ற இருவரும் சுத்தம் என்று சொன்ன ஒரு தொட்டியை அவள் ஒருத்தி வேண்டாம் என்றாள். கேளாமல் அனுப்பினார்கள். கடைகளிலிருந்து பாட்டில்கள் எல்லாம் திரும்பி வந்தன. அதிலிருந்து அவள் அப்படி எழுதினால் தொட்டியைக் கொட்டிவிடுவது என்று ஆகிவிட்டது. அந்தச் சிறிய ஆலையில் அவள் மூக்கைவிட நல்ல கருவி எதுவும் இல்லை.

அன்று ஐந்தாவது குவளை வந்த தொட்டி பூட்ஸினுடையது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுப் பல வருடம் தொட்டி கழுவியவள். காய்ச்சும் வேலை இப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அவளே காய்ச்சிய முதல் பீர் இது. கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"அக்கா," என்றாள்.

மூக்கக்கா திடுக்கிட்டாள். சில நாளாக யார் பின்னாலிருந்து அந்தச் சொல்லைச் சொன்னாலும் அப்படித்தான்.

"எழுதினது எழுதினதுதாம்மா. உன்னைக் குத்தம் சொல்லலை."

"குழாய் குழாயா நானே கழுவினேன்க்கா. ஃபில்டர் தண்ணிதான். இது போச்சுன்னா மறுபடியும் தொட்டி கழுவத்தான்னு முதலாளி சொல்லிட்டாரு." தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி விடுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சண்டை போட்டிருந்தால் மூக்கக்காவுக்கு அந்த மதியம் சோறு இறங்கியிருக்கும்.

சாப்பாட்டு மேசையில் புதுத் தண்ணீர் பாட்டில் ஒன்றின் மூடியைத் திருகினாள். வாயருகே கொண்டுபோனாள். கட்டுத்துணி, கிருமிநாசினி, ஈரத் தரை. பாட்டிலை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். பார்லி மூட்டைகள் வெயிலில் அடுக்கியிருந்தன. அங்கேயும் அது வந்தது. தன் உள்ளங்கையை முகர்ந்தாள். அதிலும் இருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. அவள் நன்றாக அறிந்த இருமல். நடந்து போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் அவள் தம்பி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். கூட இருந்து பார்த்துக்கொண்டது அவள்தான். அதற்குப் பிறகு வீட்டில் தேநீர்க் குவளையிலும், சில நாள் மாலைப் பிரார்த்தனையின் நடுவிலும் இந்த வாடை வந்திருக்கிறது. சோப்பு மாற்றியதால் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க விரும்பினாள். இப்போது மூடி திறக்காத தண்ணீரிலும் அது இருந்த பிறகு சோப்பின் மேல் பழி போட முடியாது.

பூட்ஸின் பீரில் ஒன்றும் இல்லை.

சொன்னால் மூக்கு போய்விட்டது என்று ஆகும். மூக்குதான் அவளுக்குச் சம்பளம், மரியாதை, பெயர் எல்லாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாக்கடையில் போன பீரை யார் எடுத்துச் சுவைத்துப் பார்க்கப் போகிறார்கள்? மூட்டை மேல் உட்கார்ந்தாள். மூக்கைத் திருப்பிக் கொடு என்று அவள் கடவுளிடம் கேட்கவில்லை. தொட்டிக் கூடம்வரை போகக் கால்களுக்குத் தெம்பு கொடு என்றுதான் கேட்டாள். அவ்வளவு சிறிய வேண்டுதலை அவர் தள்ளிப்போடுவதில்லை.

கூடத்தில் பூட்ஸ் குழாயைச் சாக்கடைப் பக்கம் இழுத்துவிட்டு வால்வில் கை வைத்திருந்தாள். லேப்காரர் பக்கத்தில் நின்றார்.

"திறக்காதம்மா! கைய எடு!"

பூட்ஸ் திரும்பினாள்.

"உன் பீர்ல ஒண்ணுமில்ல. வாடை என்கிட்டதான் இருக்கு. தண்ணியில வருது, காத்துல வருது. என் தம்பி படுத்திருந்த வார்டு வாடை அது."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பூட்ஸ் வால்விலிருந்து கையை எடுத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"காலைலயே சொல்லக் கூடாதா? என் பொழப்பையே கொட்டப் பாத்தீங்களே! வீட்டுக்குப் போன் போட்டு எல்லாம் போச்சுன்னு அழுதுட்டு வந்து நிக்கறேன்!"

"காலைல எனக்கே தெரியாதும்மா."

"உங்களுக்கா தெரியாது? உங்களுக்கா?"

மூக்கக்கா தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். நின்றுகொண்டே இருந்தாள். லேப்காரர் தொட்டியிலிருந்து ஒரு குவளை பிடித்து முகர்ந்தார், ஒரு வாய் வைத்தார், மறுபடியும் முகர்ந்தார். "சுத்தமா இருக்கு," என்றார் தாழ்ந்த குரலில்.

பூட்ஸ் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு இன்னொரு பெட்டியைக் காலால் நகர்த்தினாள்.

"உக்காருங்க. விழுந்துடப் போறீங்க."

மூக்கக்கா உட்கார்ந்தாள்.

"கடைசி நாள் தண்ணி கேட்டான். குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. பஞ்ச நனைச்சு உதட்டுல வச்சேன். இப்ப எதைக் குடிக்கப் போனாலும் வந்து நிக்கறான்."

பூட்ஸ் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"தம்பிக்கு பீர் புடிக்குமா?"

"அவனுக்கா? வாசனை பட்டாலே மூஞ்சியச் சுளிப்பான். 'இந்தக் கர்மத்த மோந்து பாக்கவா அக்கா உனக்குச் சம்பளம்'னு கேப்பான்."

"அப்ப என் பீரப் பத்தி உங்க தம்பி சொன்னத நம்ப வேணாம்," என்றாள் பூட்ஸ். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கக்காவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது. பூட்ஸ் எழுந்து போகவில்லை. கோபம் முழுதும் ஆறியிருக்கவும் இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். துக்கப்படுகிறவருக்குப் பக்கத்தில் கோபத்தோடாவது உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்று உட்கார்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

"நாளைலேர்ந்து நான் வரலை சார்," என்றாள் மூக்கக்கா.

லேப்காரர் குவளையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "கொஞ்ச நாளைக்கு உங்க மார்க்கக் கணக்குல எடுக்க முடியாதுக்கா. அது பீருக்குச் செய்யற அநியாயம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா நாற்காலிய எடுக்க மாட்டேன். வந்து உக்காருங்க. அந்த வாடை வந்தா எழுதாதீங்க, கையத் தூக்குங்க. உங்க தம்பி போனதும் பாத்துக்கலாம்."

"போகலைன்னா?"

"அதையும் பாத்துக்கலாம்."

மாலையில் அந்தத் தொட்டி சாக்கடைக்குப் போகாமல் பாட்டிலுக்குப் போனது. லேப்காரர் லாரிக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை மூக்கக்கா அறை வாசலில் தயங்கி நின்றாள். நாற்காலி இருந்தது. போய் உட்கார்ந்தாள். முதல் குவளையில் பார்லியும் தேனும் தெளிவாக வந்தன. இரண்டாவதை எடுத்தாள். உதட்டில் படுவதற்குள் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது, தரை ஈரமானது.

மெல்லக் கையைத் தூக்கினாள்.

"வந்துட்டாரா?" என்று கிசுகிசுத்தார் லாரிக்காரர், பேசக் கூடாது என்பதை மறந்து.

தலையாட்டினாள்.

அவர் எழுந்து, தன் நாற்காலியைத் தரையில் தேய இழுத்து ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம் விழுந்தது. லேப்காரர் தன் குவளையை மேசையில் வைத்தார். மூவரும் மடியில் கை வைத்துக் காத்திருந்தார்கள். நுரை அடங்கிப்போன பீரை மதிப்பிட முடியாது. மறுபடி ஊற்ற வேண்டும். அது மூவருக்கும் தெரியும். சிவப்புக் குவளைகளில் நுரை மெல்லிய சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் கை நீட்டவில்லை.