தளர்த்திய இரண்டு நட்டு

அன்று காலை பாய்லர் அறையில் இருந்தவர்கள்: சலவைக்கூடத்தின் முதலாளியான என் மாமனார். அவருடைய சின்ன மாப்பிள்ளை, அதாவது என் சகலை. அவன் கொண்டுவந்த, புகையை அளக்கும் மீட்டர் பெட்டி. மாமனார் அதற்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்ததால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். வாசற்படியில் என் மனைவி, கையில் மடித்த துண்டுகளோடு, பாதி உள்ளே, பாதி வெளியே. சுவரோரம் நான். எனக்கு நாற்காலி இல்லை.

அந்த அறையின் சாவி ஒன்பது வருடமாக என் இடுப்பில் இருந்தது. தொழிற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு மாமனார் கொடுத்த இரவு வேலை. எட்டு வருடம் பர்னர் பக்கத்தில் விழித்திருந்தேன். பிறகு உடம்பு ஒத்துழைக்காமல் அதையும் விட்டுப் பகலுக்கு மாறினேன். தீ எப்படி எரிகிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். காற்று அதிகமானால் சீறும். குறைந்தால் தொண்டையைச் செருமும்.

கல்யாணமான புதிதில் நான் வெறும் 'மாப்பிள்ளை'. மச்சினிக்குக் கல்யாணமானதும் 'பெரிய மாப்பிள்ளை' ஆனேன். பெயர்தான் பெரிது. சகலையிடம் பர்னர் சோதிக்கும் சான்றிதழ் இருந்தது. வருடா வருடம் வெளியாள் செய்யும் சோதனையை இந்த முறை அவனே செய்வான், நல்லபடியாக முடித்துவிட்டால் பாய்லர் அறைச் சாவி அவனுக்குத்தான் என்று மாமனார் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார். என் மனைவி அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். என் தட்டு காலியாகத்தான் கிடந்தது.

அதனால் முந்தின நாள் மாலை ஸ்பேனரோடு உள்ளே போனேன். பாய்லரிலிருந்து கிளம்பும் புகைக்குழாயின் அடியில், கரி துடைப்பதற்கு ஒரு மூடி உண்டு. நான்கு நட்டு. ஒரு பக்கத்து இரண்டை மட்டும் தளர்த்தினேன். குழாய் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். அதற்கு மேலே செருகும் மீட்டர் அந்தக் காற்றையும் சேர்த்து அளந்து, தீக்குக் காற்று அதிகம் என்று பொய் சொல்லும். மீட்டரை நம்புகிறவன் காற்றைக் குறைப்பான். தீ திணறிக் கரும்புகை கக்கும். முற்றத்தில் காயும் வெள்ளை விரிப்புகளில் கரி படியும். சான்றிதழால் துடைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அவன் முதலில் வாயுக் குழாயின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு, தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சென்சாரை உருவி உள்ளங்கையால் மூடினான். தீ அணைந்துவிட்டது என்று எண்ணி பர்னர் தானாகவே வாயுவை அடைக்க வேண்டும். பட்டென்று அடைத்தது.

"ஒரு செகண்டுக்குள்ள," என்றான். "அண்ணன் நல்லா வெச்சிருக்காரு மாமா. நான் போற பாதி இடத்துல இதை ஒயரைப் போட்டு ஏமாத்தி வெச்சிருப்பாங்க."

பழைய சட்டையைத் தானம் கொடுப்பதுபோல இருந்தது அவன் பாராட்டு.

"நம்ம பெரிய மாப்பிள்ளை பர்னர்கூடப் பேசுவாரு," என்றார் மாமனார். "என்ன, நம்மகிட்டதான் பேச மாட்டாரு."

சகலை சிரித்தான். அவன் சிரித்த பிறகு என் மனைவியும் சிரித்தாள். அந்த வரிசையை நான் கவனித்தேன்.

பர்னரை மறுபடி பற்றவைத்து, மீட்டரின் குழலைப் புகைக்குழாயில் செருகினான். "ஆக்சிஜன் எட்டரை காட்டுது அண்ணே. மூணு, நாலுல இருக்கணும்."

"எனக்குச் சரியாத்தான் கேக்குது."

"காது என்ன பரீட்சையா எழுதியிருக்கு?" என்றார் மாமனார்.

பர்னருக்குக் காற்று விடும் தகட்டின் மேல் சிவப்பு பெயின்டால் நான் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். தகடு நிற்க வேண்டிய இடம் அது. அவன் அந்தக் கோட்டைத் தாண்டித் தகட்டை மெல்ல மூடினான். தீ செருமத் தொடங்கியது. எனக்கு இனித்தது. மீட்டரில் இன்னொரு எண் ஏறியது, தீ திணறும்போது வரும் நச்சுவாயுவின் எண். நாற்பது. இருநூறு. அறுநூறு.

"என்ன தம்பி, சிவப்பா மின்னுது?" என் மனைவி உள்ளே வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

அவன் உடனே பர்னரை நிறுத்தினான்.

"காத்து மிச்சம் இருக்குன்னு ஒரு நம்பர் சொல்லுது. காத்து பத்தலைன்னு இது சொல்லுது. எங்கயோ வெளிக்காத்து பூந்து மீட்டரை ஏமாத்துது. அண்ணி, அந்தத் துண்டுலருந்து ஒரு நூல் உருவிக் குடுங்க."

குழாய் இன்னும் சூடாக இழுத்துக்கொண்டிருந்தது. அவன் நூலை மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தான். அடிமூடியின் ஓரத்தில் நூல் வளைந்து இடுக்கில் ஒட்டிக்கொண்டது. நட்டை விரலால் திருகினான். சுற்றியது. அதன் மேலிருந்த பெயின்ட் புதிதாக உரிந்திருந்தது. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான்.

"அதிர்வுல லூஸ் ஆயிருக்கு மாமா. சகஜம்தான்."

நட்டுகளை முறுக்கினான். தகட்டை என் சிவப்புக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்துப் பற்றவைத்தான். ஆக்சிஜன் மூன்றரை. மற்ற எண் பதினைந்தைத் தாண்டவில்லை.

"அண்ணன் போட்ட கோடு கரெக்ட். நான் தொடவே வேண்டியதில்ல."

மாமனார் மீட்டரையும் என் காதையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா சாவி பெரிய மாப்பிள்ளைகிட்டயே இருக்கட்டும்."

எனக்கு வேண்டியது அதுதான். என் கை தானாக இடுப்புக்குப் போனது. அப்போது என் மனைவியைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை நான் ஸ்பேனரோடு வெளியே வந்தபோது எதிரில் வந்தவள் அவள். அவள் சகலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிடாத குறை. ஒன்பது வருடத்தில் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. இனி தினமும் நான் இந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவன் நல்லவனாக இருப்பான்.

"அதிர்வும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். "நான்தான் கழட்டி விட்டேன்."

"எதுக்கு?" என்றார் மாமனார்.

"இவன் அசிங்கப்படணும்னு."

"அண்ணே, விடுங்க," என்றான் சகலை.

"நீ வாயை மூடு. நீ நல்லவனா இருந்தது போதும்."

மாமனார் மேலே சாளரம் விட்ட பக்கத்துச் சுவரைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் இஸ்திரி போடும் அறை. "மேல காத்து எதிர்த்து அடிச்சா, இந்த இடுக்கு வழியாப் புகை எங்க போகும், மாப்பிள்ளை?"

வெகு நாளைக்குப் பிறகு 'பெரிய' இல்லாமல் கூப்பிட்டார்.

"அந்த ரூமுக்கு."

"அங்க யாரு நிக்கிறா?"

நாள் முழுக்க அங்கே இஸ்திரி போடும் அவருடைய மகள் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் கையை நீட்டினார். வளையத்திலிருந்து சாவி லேசில் வரவில்லை, நகம் பிய்ந்தது. அவர் அதை வாங்கிச் சகலையிடம் கொடுத்தார்.

"நீங்க வெளிய போங்க. சோதனை முடியிற வரைக்கும் கதவு பூட்டியே இருக்கட்டும்," என்றார் என்னிடம்.

வாசற்படியில் என் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சும்மா இருந்திருந்தா சாவி உங்ககிட்டயே இருந்திருக்கும்."

"யாரு குடுத்த சாவி?"

அவள் வழிவிட்டாள். என்னோடு வரவில்லை.

அந்தக் கதவு கீல் தளர்ந்து தொங்கும் கதவு. பூட்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு, அது எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். உள்ளே அவன் சாவியைத் திருகினான். விழவில்லை. மறுபடி திருகினான். விழவில்லை. நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்க தம்பி," என்றது என் மனைவியின் குரல்.

மூன்றாம் முறை பூட்டு விழுந்தது.