க்வெண்டாவின் களை

எங்கள் ஷெஃபீல்ட் தோட்டச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். காய்கறி போட வாடகைக்கு விட்ட துண்டு நிலத்தில் களை மண்டினால் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது என் வேலை. இரண்டு கடிதத்துக்கும் அசையாவிட்டால் நிலத்தைப் பிடுங்கிவிடுவோம். எனக்கு முகதாட்சண்யம் கிடையாது.

என் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு க்வெண்டாவுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. பாதி நிலத்தில் வெள்ளைக் குடைப்பூக் களையை இடுப்பளவு வளரவிட்டிருந்தார். இரண்டாவது கடிதமும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் குழு வந்து பார்க்கும்.

வெள்ளிக்கிழமை, என் அவரைக் கொழுந்தில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சிகளைக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டிருந்தேன். கூடவே நெளிந்த பச்சைப் புழுக்களையும்.

"அட மனுஷா, அதை ஏன் கொல்றீங்க?" என்று க்வெண்டா வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்.

"புழுவைக் கொல்லாம கொஞ்சவா சொல்றீங்க?"

க்வெண்டா வேலிக்கு மேல் எட்டி, ஒரு புழுவைத் தன் ஃபிளாஸ்க் மூடியில் எடுத்து, நாலைந்து அசுவினியோடு நீட்டினார். புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடி, ஒன்றைக் கவ்வித் தூக்கி உறிஞ்சியது. வெறும் தோல்தான் மிஞ்சியது.

"இதோட அம்மாவைப் பாருங்க." களைப்பூக்களின் மேல், குளவி போல மஞ்சள் பட்டை போட்ட சின்ன ஈக்கள் அசையாமல் அந்தரத்தில் நின்றன. "கொட்டாது. வேஷம்தான், உங்க பதவி மாதிரி. இங்க தேன் குடிச்சுட்டு உங்க அவரையில வந்து முட்டை வைக்குது. நீங்க நசுக்கறீங்க."

பதினோரு வருடமாக நசுக்கியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். கடிதம் எழுதிய கை என்னுடையதாயிற்றே. ஞாயிறன்று குழுவிடம் பேசி அந்தக் களையைக் காப்பாற்றிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை குழுவோடு போனால், நிலம் மொட்டையாகக் கிடந்தது. வெட்டிய களை ஓரத்தில் குவிந்து வாடியிருந்தது. அதன் மேல் இரண்டு மூன்று ஈக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

"பிரமாதம்!" என்றார் தலைவர்.

க்வெண்டாவின் கையெல்லாம் களைச்செடியின் பால் பட்டுக் கொப்புளம். "நேத்து பூரா வெட்டினேன்," என்றார் என்னிடம். "நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு வெள்ளிக்கிழமை இருட்டற வரைக்கும் பார்த்தேன். நிலம் போனா நான் எங்க போவேன்?"

"இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"யார்கிட்ட? என்கிட்ட சொல்லலியே."

தலைவர் நோட்டை நீட்டினார். களை நீக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.