தனி அறைக்கு ஒரு தேர்தல்

வானமும் பூமியும் சற்று நின்று கேட்கட்டும். பாளையங்கோட்டை மகாராஜநகரில் சொந்த வீட்டில் வசித்துவரும் திரு. நேசையா அவர்களின் குடும்பத்தில், அரசாங்க மருத்துவ அட்டையைக் கணவர் பெயரில் எடுப்பதா, மனைவி பெயரில் எடுப்பதா என்னும் மாபெரும் கேள்விக்கு விடை காண, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவுடன், கறிக்குழம்பு கொதிக்கும் வேளையில், ரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். போட்டியிடுவோர்: நேசையா, தேவமணி. வாக்காளர்கள்: மேற்படி இருவர், மகள் ஜெசி, மகன் மெர்வின். தேர்தல் அதிகாரி: தேவமணியின் தம்பி எஸ்றா. சம ஓட்டு விழுந்தால் அவர் ஓட்டே முடிவு.

இதை நேசையா சமையலறை வாசலில் நின்று வாசித்தபோது தேவமணி சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"கல்லு எனக்கு. அதுக்கு எலக்சன் உங்களுக்கா?" என்றாள்.

கல் பித்தப்பையில் இருந்தது. ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவன், மனைவி இருவருமே மத்திய அரசு ஊழியர்கள். நேசையா திசையன்விளையில் போஸ்ட்மாஸ்டர். தேவமணி வருமானவரி ஆபீஸில் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு ஓர் அட்டை போதும், மற்றவர்கள் அதில் 'சார்ந்திருப்போர்' என்று சேர்ந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் எந்த அறை என்பது அட்டைக்காரரின் அடிப்படைச் சம்பளத்தைப் பொறுத்தது. நேசையா பெயரில் எடுத்தால் இருவர் படுக்கும் அறை. தேவமணி பெயரில் எடுத்தால் தனி அறை. இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். அவள் இலாகா பரீட்சைகளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் திருச்சபைத் தேர்தல்களில் நின்றுகொண்டிருந்தார்.

இடையில் மந்திரமூர்த்தி என்கிற இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் பளபளப்பான தாள்களோடு வந்து தனியார் பாலிசி பற்றிப் பேசினார். தேவமணி காப்பி கொடுத்துவிட்டுக் கல்லைப் பற்றிக் கேட்டாள்.

"பித்தப்பைக் கல்லுக்கு மட்டும் ரெண்டு வருசம் காத்திருக்கணும் மேடம்."

"நான் காத்திருப்பேன் சார். கல்லு காத்திருக்குமா?"

மந்திரமூர்த்தி காப்பியை முடித்துக்கொண்டு எழுந்தார்.

ஆக, கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். நேசையாவுக்கு மட்டும் விளங்கவில்லை. சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்குச் செயலராக இருக்கிறவர், மனைவியின் அட்டையில் 'சார்ந்திருப்பவர்' என்று அச்சாகி, அதைப் பையில் வைத்துக்கொண்டு எப்படிக் கோவிலுக்குப் போவார்?

"குடும்பத் தலைவர்னு ஒருத்தன் இருக்கான்லா?" என்றார்.

"இருக்கட்டுமே. அவரு எங்கன வேணும்னாலும் இருக்கட்டும். எனக்குத் தனி ரூம் வேணும்."

அதில்தான் அவளுடைய உயிர் இருந்தது. செயலர் வீடு என்பது பாதி கோவில், பாதி டீக்கடை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து தேவமணி பகலில் ஒருமுறைகூடக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததில்லை. காணிக்கைத் தகராறு, கல்லறைத் தோட்டத் தகராறு, பாடகர் குழுவில் யார் முன்வரிசை என்ற தகராறு, எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்துவிடும். ஆஸ்பத்திரியிலும் விடமாட்டார்கள். சபையில் ஒருவர் படுத்துவிட்டால், பெண்கள் சங்கத்தார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்க் கட்டிலைச் சுற்றி நின்று, இரண்டு பாட்டுப் பாடி, நீளமாக ஜெபித்து, அதே ஆபரேஷனில் செத்துப்போனவர்களின் பெயர்களை நினைவுகூர்ந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். இருவர் அறையில் பக்கத்துக் கட்டிலுக்கும் ஆள் வரும், போகும். கதவைச் சாத்த முடியாது. தனி அறையென்றால் சாத்தலாம். வயிற்றில் ஓட்டை போட்டாலும் பரவாயில்லை, நாலு நாள் கதவைச் சாத்திவிட்டு உறங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிரசாரம் சூடு பிடித்தது. நேசையா திசையன்விளையிலிருந்து ஜெசிக்குச் சில்லுக்கருப்பட்டி வாங்கி வந்தார். மெர்வினுடைய பைக்குக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார்.

"லே மெர்வின், அப்பாவுக்குத்தானே?"

"உங்களுக்குத்தாம்ப்பா. இதுல என்ன சந்தேகம்?" என்றான் மெர்வின், டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே.

ஜெசி வாயில் கருப்பட்டியோடு தலையை ஆட்டினாள். நேசையா எஸ்றாவைத் தனியே அழைத்துப் போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

"சமமா வந்தா நீதான் மாப்ள."

"அத்தான், சால்னா இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

தேவமணி பிரசாரமே செய்யவில்லை. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வந்தாள்.

ஞாயிறும் வந்தது. ஆரம்ப ஜெபம் நேசையாவே செய்தார். எல்லாம் உமது சித்தப்படி ஆகட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சித்தம் எதுவென்று தமக்குத் தெரியும் என்கிற குரலில். எவர்சில்வர் தூக்குவாளி ஓட்டுப் பெட்டியானது. எஸ்றா அதைக் கவிழ்த்துக் காட்டி, "பாத்துக்கிடுங்க, உள்ள ஒண்ணுமில்ல. முந்தாநேத்து ரசம் வாடை மட்டும் அடிக்கி" என்றான்.

தேவமணி துண்டுக் காகிதத்தோடு அடுப்படிக்குப் போனாள். தன் பெயரை எழுதத்தான் பென்சிலை எடுத்தாள். ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்தாள். மனுஷன் வெள்ளைச் சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று தெரிந்தது. நன்றியுரை. பிள்ளைகள் கருப்பட்டியையும் பெட்ரோலையும் வாங்கிக்கொண்டு யாருக்குப் போடுவார்கள் என்பது அவள் அறியாததா? இவர் ஓட்டு ஒன்றுதான் இவருக்கு விழும். ஒரே ஓட்டை வைத்துக்கொண்டு நன்றியுரை வாசிக்க முடியுமா? அட, ரெண்டாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும், சமமானால் தம்பி இருக்கிறான் என்று நினைத்தாள். தம்பி தின்ற பரோட்டாவும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் 'நேசையா' என்று எழுதி மடித்துப் போட்டுவிட்டாள்.

எஸ்றா தூக்குவாளியில் கையை விட்டான்.

"தேவமணி."

நேசையா புன்னகைத்தார்.

"தேவமணி."

புன்னகை சற்று ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"நேசையா. இன்னொண்ணு... தேவமணி. மூணுக்கு ஒண்ணு. அக்கா ஜெயிச்சாச்சு!"

தேவமணிக்கே தூக்கிவாரிப்போட்டது. மூன்று எப்படி வரும்? ஜெசி மெர்வின் மண்டையில் தட்டினாள்.

"ஏல, அப்பாவுக்கு நீயா போட்ட? துரோகி!"

"நான் போடல. நீதான் கருப்பட்டி தின்ன."

"பெட்ரோல் அடிச்சவன் பேசுதான் பாரு!"

"ரெண்டு பேரும் சும்மா கெடங்க," என்றார் நேசையா. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அது அப்பா ஓட்டா இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

"அப்பா ஓட்டு போக மிச்சம் மூணுதானே இருக்கு. மூணும் அம்மாவுக்கு விழுந்திருக்கு. சரியாத்தான் இருக்கு," என்றாள் ஜெசி.

"சரியா இல்ல. நான் எனக்குப் போடல."

குழம்பு மட்டும் கொதித்தது.

சபைத் தேர்தலில் நிற்கிற பெரிய மனிதன் தன் ஓட்டைத் தனக்கே போட்டுக்கொள்வது அற்பம் என்பது நேசையாவின் கொள்கை. எதிராளிக்குப் போட வேண்டும். பிறகு நாலு பேர் காதுபட அதைச் சொல்லவும் வேண்டும். தமக்குப் பிள்ளைகள் ஓட்டு இரண்டு, சமமானால் எஸ்றா என்று எண்ணி வைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக மனைவி பெயரை எழுதியிருந்தார்.

"அப்ப அந்த ஒண்ணு யாருது?" என்றான் மெர்வின்.

தேவமணி கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விலா வலிக்க வலிக்கச் சிரித்தாள். நேசையா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த தாளைப் பைய எடுத்து, அதிலேயே கறித்துண்டின் எலும்பை வைத்துச் சாப்பிட்டு முடித்தார்.

அட்டை தேவமணி பெயரில் வந்தது. சார்ந்திருப்போரில் முதல் பெயர் நேசையா. "நாமதான் விட்டுக்கொடுத்தோம்வே" என்று சபையில் சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடியில் தனி அறை. வெள்ளைச் சுவர், சுத்தமான விரிப்பு, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரக் கிளை. சார்ந்திருப்பவர் இரண்டு நாளாக ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, தலையணையைத் தட்டிப் போட்டு, சொன்ன வேலையெல்லாம் செய்தார். தலைவராக இருந்த காலத்தில் அவரிடம் இப்படியொரு சுறுசுறுப்பைத் தேவமணி பார்த்ததில்லை.

"நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க. நான் கதவச் சாத்திக்கிட்டு உறங்குதேன்."

"சரி, சாத்திக்கோ. ஒருத்தரும் வரமாட்டாவ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. பல ஜோடிச் செருப்புகள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை. பெண்கள் சங்கத் தலைவி ரீபாவின் குரல்: "தேவமணியக்கா ரூம் இங்கனதான்! மொதல்ல பாட்டு, அப்புறம் ஜெபம்!"

தேவமணி தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளுக்காகக் கையை மேலே கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரி அறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.