முப்பது மணி நேர மௌனம்

குளிர்பெட்டிக் கன்டெய்னரின் மின்சாரப் பதிவை எடுக்கப் போன நேரத்தில்தான் அதன் கதவைத் திறந்தார்கள். உள்ளே இருபது டன் இறால், அழுகி மூன்று நாள். சாறு ஒழுகி என் செருப்புக்குள் வந்துவிட்டது. வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. அதற்கு மென்பொருள் எழுதுகிறவள் நான். பெட்டிக்கு மின்சாரம் நின்றால் மெக்கானிக்கின் போனில் அலாரம் அடிக்கும். அவர் 'பார்த்தாச்சு' என்று அழுத்தினால் அரை மணி நேரம் சும்மா இருக்கும். அப்போதும் மின்சாரம் இல்லையென்றால் மறுபடி அடிக்கும். இது வந்த பிறகு, பெட்டி பெட்டியாக நடந்து பார்க்கும் வேலையையே நிறுத்திவிட்டார்கள்.

யார்டில் ஒருத்தரும் நிமிஷம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். "லாரி எப்பம் வரும்?" என்றால் "இருபது" என்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நிரலில் வெறும் 30 என்று எழுதினேன். முப்பது நிமிடம் என்று அலகோடு எழுத அந்த மொழியிலேயே வழி இருக்கிறது. ஒரு வார்த்தை கூடுதலாகத் தட்ட வேண்டும். சோம்பல். போன மாதம் தலைமை அலுவலகம் அலாரப் பகுதியை மாற்றித் தந்தது. புதியது எண்ணை மணிக்கணக்காக எடுத்துக்கொள்ளும். கூடவே வந்த குறிப்பை நான் படிக்கவில்லை. என் முப்பது நிமிடம் முப்பது மணி நேரமாகிவிட்டது.

மெக்கானிக் ரெக்ஸ் அண்ணன் வெள்ளிக்கிழமை காலை அலாரம் கேட்டுப் போனார். 'பார்த்தாச்சு' அழுத்தினார், கழன்ற பிளக்கை மாட்டினார், வந்துவிட்டார். பத்தே நிமிடத்தில் பெட்டிக்கு மின்சாரம் மறுபடி நின்றுபோனது. அடுத்த அலாரம் மறுநாள் மதியம்தான் அடித்தது. அதற்குள் இறால் கெட்டுப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இதைக் கண்டுபிடித்ததும் மேனேஜர் ஞானசௌந்தரி மேடத்திடம் ஓடினேன். அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாத. அந்த இடத்த மட்டும் கமுக்கமா சரிபண்ணிரு. மெக்கானிக் கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் போயாச்சு."

"மேடம், அண்ணனுக்கு வேலை போயிருமே."

"அப்பம் உனக்குப் போவணுமா?" என்றவர், டப்பாவைத் திறந்து கருப்பட்டி மிட்டாயை நீட்டினார். "உடன்குடி சரக்கு. சாப்பிடு."

வாங்கிச் சாப்பிட்டேன். விரலில் ஒட்டியதையும் நக்கினேன். நினைத்தால் ச்சீ என்று இருக்கிறது.

புதன்கிழமை விசாரணை. நானும் இருந்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "முத அலாரத்துக்குப் போனேன் மேடம். பிறகும் அடிச்சிருக்கும், நான்தான் கேக்காம விட்டுருக்கேன்" என்றார். மிஷின் பொய் சொல்லாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தப்பு தன்னுடையது என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். மேடம் பாவம் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. என் முகத்திலும்தான்.

வியாழக்கிழமை, வேலை போய், கேட் பாஸை ஒப்படைக்க வந்த அண்ணன் என் மேசைப் பக்கம் நின்றார்.

"வாரேன் தங்கச்சி. இங்கன இருந்து நேரா காது டாக்டர்ட்டதான் போறேன். பக்கத்துல அடிச்சதே கேக்கலன்னா காதுலதான கோளாறு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தலைமை அலுவலகத்துக்கு இப்போதே எழுதுகிறேன் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அப்பம் என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குண்ணே."

"உனக்கு இது எப்பம் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"நான் கையெழுத்துப் போட்டது புதன்."

"ஆமாண்ணே."

"என் பேனா எழுதலன்னதும் உன் பேனாவத்தான தங்கச்சி எடுத்துத் தந்த?"