மூன்றாவது தாள்

...திருந்திய வாழ்வாம், எதிலிருந்து திருந்தினானாம் ஜமால், அவன் குற்றவாளி என்று எந்தக் கோர்ட் சொன்னது, கேஸ் இன்னும் சாட்சி விசாரணைக்கே வரவில்லை, அதற்குள் இவர்களே தீர்ப்பு எழுதி, கலரில் அச்சடித்து, மேலே கம்பெனி பெயரையும் போட்டு... நிர்மலா புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். எதிரே கண்ணாடி அலமாரிக்குள் சின்னக் குழந்தைகளின் பனியன்கள் விலைச்சீட்டோடு தொங்கின. மணி இரண்டே முக்கால். ரிசப்ஷன் பெண் சித்ரகலா மூன்றாவது முறையாக அதையே சொன்னாள், "சார் பையர் மீட்டிங்ல இருக்காருங்க மேடம், டீ சொல்லட்டுங்களா?" வேண்டாம், டீ குடித்துக் குடித்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது, எத்தனை கம்பெனிப் படி, எத்தனை சோபா. மரம் நடுகிறோம் என்றால் கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டுகிறோம் என்றால் போட்டி போட்டுக் கொடுப்பார்கள். கோர்ட் ஜாமீன் கொடுத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் ஜெயிலிலேயே கிடப்பவர்களை வெளியே கொண்டுவருகிற டிரஸ்ட் என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும், திருடனுக்கா மேடம் என்பார்கள். சுருங்காத முகம் இந்தக் கம்பெனி பிரபாகருடையது ஒன்றுதான், மூன்று வருஷமாகக் கொடுக்கிறவர், அதையும் மறுக்க முடியாது, ஆனால் வருஷா வருஷம் ஒரு முகம் வேண்டும் அவருக்கு, புத்தகத்தில் போட ஒரு சிரித்த முகம்.

பன்னிரண்டு மணிக்கு வந்த போன் இன்னும் காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. காத்தூன் பீவி, ஜமாலின் மனைவி, அழக்கூட இல்லை, அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். "அவரு காலைல வேலைக்குப் போனாருங்க, கேட்லயே நிப்பாட்டிட்டாங்க. மொதலாளி போன்ல உங்க புஸ்தகம் வந்துச்சாமுங்க. ஜெயிலுக்குப் போனவன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லியேன்னு கேட்டாராமுங்க. நாங்க இன்னிக்குக் கோர்ட்டுக்கு வர்லீங்க மேடம், தப்பா எடுத்துக்காதீங்க." தப்பா எடுத்துக்காதீங்க! வேலை போனது அவர்களுக்கு, மன்னிப்புக் கேட்பதும் அவர்கள். பிரபாகரின் ஆபீஸ் அந்தப் புத்தகத்தை முதலாளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறது, பெருமைக்கு, வேறெதற்கு, அது ஜமாலுக்கு அயர்ன் டேபிள் கொடுத்திருந்த முதலாளியின் போனிலும் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது கதை. ஒரு தெருச் சண்டையில் பக்கத்தில் நின்றதற்காக அறுபது நாள் உள்ளே இருந்தவன், வெளியே வந்து ஒரு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் சட்டைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தவன்.

வெளியே வந்தவர் வீட்டார் அடுத்தவருக்கு ஜாமீன் நிற்பது டிரஸ்டின் வழக்கம், நிர்மலா கொண்டுவந்தது. ஜாமீன் நிற்கச் சொந்த வீடு வேண்டும், வரி ரசீது வேண்டும், இருக்கிறவன் எவனும் வரமாட்டான், பட்டவர்கள்தான் வருவார்கள். மண்ணரை ஏரியாவில் ஒரு ஓட்டு வீடு காத்தூன் பீவி பெயரில் இருக்கிறது, அதை நம்பித்தான் இன்று மயிலாத்தாளுக்கு நாள் குறித்தது. மயிலாத்தாள்... செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்கிப்போனவள், துணி பண்டல் ஒன்று குறைந்ததற்கு ஒரு கம்பெனி கைகாட்டிய பெண், இருபத்து மூன்று நாளாக உள்ளே, ஜாமீன் கிடைத்தே ஒன்பது நாள் ஆயிற்று. அவள் அண்ணன் வெள்ளையன் காங்கேயத்து எண்ணெய் மில்லில் லீவு சொல்லிவிட்டுக் காலை பத்து மணியிலிருந்து கோர்ட் வாசலில் நிற்கிறார். ஒரு ஜாமீன் அவர், இன்னொன்று? நாலரைக்குள் இன்னொரு ஆளை நிறுத்தாவிட்டால் நாளையிலிருந்து பொங்கல் லீவு, கோர்ட் திறக்கும்வரை அவள் அங்கேதான். வக்கீல் செல்வக்குமார் ஊரெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டார், ஆள் இல்லை. ஒரே வழி, பிரபாகர் அந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஜமாலை வேலைக்கு விடச் சொல்லவேண்டும், அப்போது காத்தூன் பீவி மனசு மாறலாம். மாறுவாளா? நானாக இருந்தால் மாறுவேனா? கெடுத்தவனிடமே வந்து உதவி கேட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏசிக் குளிரில், வெட்கங்கெட்டு.

கேட்கத்தான் போகிறேன், நறுக்கென்று கேட்கப் போகிறேன், யாரைக் கேட்டு குரூப்பில் போட்டீர்கள் என்று. அவர் என்ன சொல்வார், தெரியும், அச்சுக்குப் போகுமுன் உங்களுக்கு அனுப்பினோமேங்க என்பார். அனுப்பினார்கள்தான். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பினாள் நிர்மலா, அன்றைக்கு ஆயிரம் வேலை, திருந்திய வாழ்வு என்பதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஜமால் சம்மதித்துத்தானே, கையெழுத்து இருக்கிறதே, எதையும் முறைப்படிதான் செய்தேன், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன், வாயில் என்ன கொழுக்கட்டையா... எங்கே கையெழுத்து வாங்கினேன்? ஜெயிலில். மனுப் போட்டுக் கைதியைப் பார்க்கிற அறையில். வக்கீலுக்கு வக்காலத்து ஒரு தாள், டிரஸ்டுக்கு விண்ணப்பம் ஒரு தாள், அதற்கு அடியில் போட்டோ சம்மதம். பத்தே நிமிஷம்தான் தருவார்கள், ஒவ்வொன்றாக விளக்க எங்கே நேரம், இங்கே, இங்கே, இங்கேயும் என்று விரலை வைத்துக் காட்டினாள். அவன் படிக்கவில்லை. நீங்க சொன்னாச் சரிங்க என்றான். கதவு திறக்குமென்றால் எந்தத் தாளில்தான் போடமாட்டான்? அவன் எதை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும்? அப்புறம் அயர்ன் டேபிள் முன்னால் நிறுத்தி, கொஞ்சம் சிரிங்க ஜமால் என்று சொன்னது யார், பிரபாகரா?

"மேடம், சார் வர்றாருங்க." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பிரபாகர் தானே வெளியே வந்தார், காக்க வைத்ததற்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார், திட்டுவதற்கு வாகாகக் கொஞ்சம் திமிராவது இருக்கக்கூடாதா இந்த ஆளுக்கு. நறுக்கென்று கேட்க வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, ஜமாலின் வேலை, மயிலாத்தாள், நாலரை மணி, இவற்றை மட்டும் சொன்னாள். அவர் முகம் வாடியதும் பொய் இல்லை. "அடடா, நாம நல்லதுக்குத்தானுங்க போட்டோம். அவரு நம்ம பிரண்டுதானுங்க, இப்பவே கூப்பிட்டுச் சொல்லிர்றேனுங்க." போனை எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டே, அதே மரியாதையோடு, "அப்படியே அந்தம்மா வெளிய வர்றப்ப கேட்ல ஒரு போட்டோ எடுத்துருங்க மேடம். பொங்கலுக்கு ஊட்டுக்குப் போறாங்கன்னு போட்டா நல்லாருக்கும், அடுத்த வருசத்துப் பண்டுக்கும் கேக்கச் சௌரியமா இருக்குமுங்க. சம்மத பார்ம் வாங்கிட்டீங்களா?"

மயிலாத்தாளின் பைல் பையிலேயே இருந்தது. வாங்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அதைத் திறந்தாள், வக்காலத்தின் நகல், விண்ணப்பம், அதற்கு அடியில்... இருந்தது. நீல மையில், கோணலாக, மயிலாத்தாள் என்று எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. போன மாதத் தேதி. மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது, பிரபாகர் போனைக் காதில் வைத்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினார், இருக்குதுங்களா? இருக்கிறது, இது எதற்கென்று அவளிடம் என்ன சொன்னேன், சொன்னேனா, ஏதாவது சொல்லித்தானே இருப்பேன்... அந்த அறை ஞாபகம் வந்தது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய விரல்கள் பேனாவைப் பிடித்தது ஞாபகம் வந்தது, இங்கேயும் என்று தன் விரல் தாளின் அடியில் போய் நின்றது ஞாபகம் வந்தது, எவ்வளவு யோசித்தும் அதற்குமேல் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.