மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு

அற்பாயுசில் போன கிரிக்கெட்காரர்கள் என்றால் ராபர்ட்டுக்கு ஒரு தனி ஈர்ப்பு. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது வாய் கொடுத்தால் போதும், இருபத்து மூன்று வயதில் காசநோயில் போன ஆர்ச்சி ஜாக்சனில் ஆரம்பித்துவிடுவான். மோட்டாரை வாங்க வந்தவர் பஸ்ஸைத் தவறவிடும்வரை விடமாட்டான்.

"கல்லறைத் தோட்டத்துல வேல கேட்டிருந்தா உடனே குடுத்திருப்பாங்க உங்களுக்கு" என்பாள் அவன் மனைவி ஜோசப்பின்.

அவனுக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒரே ஆள் எழில். தொண்டூர்க்காரன். தாலுக்கா ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கல்லூரியில் ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இரண்டு பேரும் கிரிக்கெட் கேள்விகளால் ஒருவரை ஒருவர் மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவெல்லாம் ராபர்ட்டின் பக்கம், சாதனையெல்லாம் எழிலின் பக்கம். எந்த வருஷத்துச் சீசனில் யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழில் சொல்வான். தினமும் காலையில் ஃபோனில் ஆளுக்கொரு கேள்வி. அது இல்லாமல் இரண்டு பேருக்கும் பொழுது விடியாது.

மைதானத்தில் மட்டும் எதிரிகள். ராபர்ட் செஞ்சி அணியின் வேகப்பந்துக்காரன். எழில் தொண்டூர் அணிக்கு முதலில் இறங்கி மட்டை பிடிப்பவன். கார்க் பந்து ஆட்டம். மொத்த அணிக்கும் பையில் ஒரே ஒரு ஹெல்மெட் கிடக்கும். பிறத்தியார் வேர்வை நாறும் அதை யாரும் தொடமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி மலையடியில் இருக்கும் தரிசில் அரையிறுதி ஆட்டம். இன்னும் இருபத்திரண்டு ஓட்டம் எடுத்தால், ஜெயக்கொடி என்பவர் பல வருஷம் முன்னால் வைத்த உள்ளூர்ச் சீசன் சாதனையை எழில் தாண்டிவிடுவான். காலையில் கேள்வி கேட்காமல் அதைத்தான் ஃபோனில் சொல்லியிருந்தான். "இன்னிக்கு உன் பந்துலதான்டா தாண்டுவேன்."

தாண்ட விடக்கூடாது என்றுதான் ராபர்ட்டும் நினைத்தான். அதில் பொய்யில்லை. எழில் ஒன்பது எடுத்திருந்தபோது, மூன்றாவது ஓவரில் பந்தைக் குட்டையாக ஊன்றிக் குத்தினான். தரை வெடித்திருந்த இடத்தில் விழுந்த பந்து நினைத்ததைவிட உயரமாக எகிறியது. எழில் கண்ணை எடுத்துவிட்டான். இடது காதுக்கு மேலே பட்டது. தேங்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். மலையிலிருந்த குரங்குகள்கூட ஒரு கணம் அடங்கின.

எழில் மண்டிபோட்டு உட்கார்ந்தான். ராபர்ட் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எழுந்தும் நின்றுவிட்டான்.

"ஒண்ணும் இல்லடா. காது மட்டும் கொய்யுங்குது."

தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினார்கள். ரத்தம் இல்லை. லேசாக வீங்கியிருந்தது, அவ்வளவுதான். எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ராபர்ட்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ரத்தம் வெளியே வராததுதான் அவனைப் பயமுறுத்தியது.

"வாடா, ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம். என் வண்டியிலயே போலாம்."

"இன்னும் பதிமூணு ரன்னுடா. அப்புறம் பாக்கலாம்."

"எழிலு, சொல்றத கேளு. ராமன் லம்பாவும் இப்படித்தான், தானே நடந்து வெளியே போனாரு..."

தொண்டூர் அணியின் கேப்டன் விநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயக் கழுவுடா. ஆடிக்கினு இருக்கிறவன்கிட்ட வந்து பொணத்துக் கதைய சொல்ற? போயி பந்து போடு."

எழிலே சிரித்தான். "உன் லிஸ்ட்டுக்கு ஆள் கொறையுதா? என்னையும் சேக்கப் பாக்குற."

ராபர்ட் போய்ப் பந்து போட்டான். மீதி நாலு பந்தையும் காலடியில் விழுகிறமாதிரி, கையில் வலு இல்லாதவன்போலப் போட்டான். எழில் நின்று ஆடித் தனக்கு வேண்டிய இருபத்திரண்டையும் எடுத்து, மேலும் ஒன்பதும் எடுத்து அவுட்டானான். விசில் பறந்தது. தோளில் தூக்கினார்கள். இறக்கிவிட்டபோது அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் புங்கமரத்தில் சாய்ந்து நின்றதை ராபர்ட் தூரத்திலிருந்து பார்த்தான். ஆட்டம் முடியுமுன்பே பைக்கை எடுத்துக்கொண்டு எழில் வீட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டில் ஜோசப்பின் மீன்குழம்பு வைத்திருந்தாள். ராபர்ட் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷமாகப் பிறருக்குச் சுவையாகச் சொன்ன கதைகள் ஒவ்வொன்றாக வந்து எதிரில் உட்கார்ந்தன. 1870ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஜார்ஜ் சம்மர்ஸ் என்ற ஆளுக்குத் தலையில் பந்து பட்டது. எழுந்துவிட்டான். மறுநாள் வெயிலில் உட்கார்ந்து ஆட்டம்கூடப் பார்த்தான். ரயிலேறி ஊருக்குப் போனான். நாலாவது நாள் செத்தான். லம்பா டாக்காவில் மட்டையாளருக்குப் பக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றவர். அடிபட்டபின் நடந்தேதான் வெளியே போனார். மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார். இந்தக் கதைகளைச் சொல்லும்போது 'நடந்தான்', 'சிரித்தான்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவான் ராபர்ட், கேட்பவர் முகத்தைப் பார்க்க. இப்போது அந்த இடங்களில்தான் அவன் மனசு போய்ப் போய் நின்றது.

இன்னொரு பயமும் உள்ளே இருந்தது. அதை அவன் ஜோசப்பினிடம்கூடச் சொல்லவில்லை. எழிலுக்கு ஒன்று ஆனால் கொன்றவன் யார்? தொண்டூர் ஆட்கள் என்ன சொல்வார்கள்? போலீஸ் வருமா? நண்பனின் உயிரை நினைக்கிற நேரத்தில் தன் தலையையும் நினைக்கிறோமே என்று அவனுக்கே கூசியது.

எழிலுக்கு ஃபோன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மங்கை எடுத்தாள், எழிலின் மனைவி.

"தூங்குறாரு அண்ணா. தல நோவுதுன்னு வந்தாரு. ஒரு வாட்டி வாந்தி எடுத்தாரு. வெயிலுன்னு நெனச்சு மோர் குடுத்தேன்."

ராபர்ட் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தான். "தூங்க விடாத மங்கை. எழுப்பு. எழுப்பி உக்கார வை. நான் வந்துட்டே இருக்கேன்."

தொண்டூருக்குப் போகிற சாலை அவனுக்கு மனப்பாடம். அன்றைக்கு ஒரு திருப்பமும் நினைவில் நிற்கவில்லை. வேளாங்கண்ணி மாதாவே, மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது.

எழில் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ராபர்ட்டைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னாடா, தோத்துப்போன தொரை. பார்க்க வந்தியா?" பேச்சு சரியாகவே இருந்தது. ராபர்ட்டுக்கு உயிர் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"காலையில கேள்வியே கேக்கலியே. இப்ப கேக்குறேன், சொல்லு. காம்ப்டன், 1947. ஒரே சீசன்ல எத்தன ரன்?"

எழில் முகத்தைச் சுளித்தான். "இதெல்லாம் ஒரு கேள்வியா? மூவாயிரத்து எண்ணூத்திப் பதினாறு. பதினெட்டு செஞ்சுரி."

"சரி. 1928. ஃப்ரீமன். எத்தன விக்கெட்?"

முந்நூற்று நாலு. எழில்தான் அதை ராபர்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஒரு சீசனில் முந்நூறைத் தாண்டிய ஒரே ஆள் என்று இருக்கிற எல்லாரிடமும் சொல்வான். எழில் கண்ணை மூடித் திறந்தான்.

"மூவாயிரத்து எண்ணூத்திப் பதினாறு."

"விக்கெட்டுடா. ஃப்ரீமன்."

"அதான் சொல்றேனே. மூவாயிரத்து எண்ணூத்திப் பதினாறு."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்த மங்கை சிரித்தாள். ராபர்ட் சட்டென்று எழுந்தான். அவளை இழுத்து எழிலின் முன்னால் நிறுத்தினான். "இது யாருடா? பேரு சொல்லு."

எழில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தெரிந்த முகம்தான் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. வாய் திறந்தது. "மூவாயிரத்து..." என்று ஆரம்பித்து நின்றது. தான் சொல்வது தப்பு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது போல, கண்ணில் அப்படி ஒரு மிரட்சி. வலது கையைத் தூக்கப் பார்த்தான். அது பாதியில் விழுந்தது.

மங்கை அலறினாள். தெருவே கூடிவிட்டது. விநாயகம் ஓடிவந்து பார்த்தான், காரை எடுக்க ஓடினான்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டரம்மா டார்ச்சை அடித்து எழிலின் கண்ணைப் பார்த்தார். இடது கண்மணி வலதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. எப்போது அடிபட்டது, வாந்தி எடுத்தானா, எப்போதிலிருந்து பேச்சு குழறுகிறது என்று கேட்டபடியே ஊசிக்குச் சீட்டு எழுதினார். ராபர்ட் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். போட்டது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னான். "அது இப்ப எனக்கு வேணாம்" என்றார் அவர். "உள்ள ரத்தம் கட்டிக்குது போல. ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிலதான். நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன். ஆம்புலன்ஸ் நிக்குது, கெளம்புங்க."

ஆம்புலன்ஸில் மங்கையும் ராபர்ட்டும் ஏறினார்கள். எழில் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டை போல ஒரு மூச்சு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு மறுபடி மூச்சு. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் ராபர்ட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டான். ஜன்னல் கண்ணாடியில் மண்டகப்பட்டுப் பெயர்ப்பலகை வந்து போனது. பாதிதான் வந்திருக்கிறோமா என்று அவன் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தான்.

மங்கை கணவனின் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"அண்ணா, நீங்கதான் எல்லாம் படிச்சு வச்சிருப்பீங்களாமே. இப்படி அடிபட்டவங்க பொழச்சிருக்காங்களா?"

ராபர்ட் வாயைத் திறந்தான். வாயில் வந்ததெல்லாம் செத்தவர்கள் பெயர்தான். சம்மர்ஸ், லம்பா, சிட்னியில் அறுபத்து மூன்று ஓட்டத்தோடு விழுந்த ஹியூஸ். வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்த் தேடினான். பிழைத்தவர்களை அவன் என்றைக்கும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர்கள் கதையில் முடிவு சப்பென்று இருக்கும்.

"நாரி கான்ட்ராக்டர்னு ஒருத்தர்" என்றான். "நம்ம இந்தியா கேப்டன். 1962ல பார்படாஸ்ல மண்டையில பட்டுது. ஆபரேஷன் மேல ஆபரேஷன். ஆறு நாளு நெனப்பே இல்ல. பொழச்சுட்டாரு மங்கை. திரும்பி வந்து ரஞ்சி ஆட்டமே ஆடினாரு."

"அப்புறம்?"

"நியூசிலாந்துல சாட்ஃபீல்டுன்னு ஒருத்தர். அவருக்கு அங்கயே நெஞ்சு நின்னுபோச்சு. எதிர் டீமோட ஆள் ஓடிவந்து ஊதி அமுக்கிக் கொண்டாந்துட்டாரு. அதுக்கப்புறந்தான் அவரு எத்தனையோ வருஷம் ஆடினாரு."

"அப்புறம் அண்ணா?"

அவனுக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. சொன்ன இரண்டு பேரையே மறுபடி முதலிலிருந்து சொன்னான், இன்னும் விவரமாக. மங்கை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டி வந்துவிட்டது, முண்டியம்பாக்கம் அடுத்ததுதான்.

ஸ்கேன் எடுத்ததும் நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் திரண்டு நின்று அமுக்குகிறது, திறந்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்ட மங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே காரில் வந்த விநாயகம் ராபர்ட்டின் பக்கத்தில் வந்து நின்றான். அடிப்பானோ என்று ராபர்ட் நினைத்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. விநாயகம் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "காலையில நீ சொன்னப்ப கேட்டிருக்கணும். நான்தான் உன் வாய அடைச்சேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். ரத்தக்கட்டை எடுத்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்வான், பேச்சும் கையும் எந்த அளவுக்குத் திரும்பும் என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார். மங்கை டாக்டரின் காலைத் தொடப் போனாள். ராபர்ட் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

எழில் வீட்டுக்கு வர மூன்று வாரம் ஆனது. வலது கைக்குப் பிடி வர நாலைந்து மாதம் பிடித்தது. பேச்சு வந்தது, ஆனால் சில சொற்கள் வாயில் நின்று முரண்டு பிடிக்கும், அப்போது முகம் சிவந்துபோகும். அடிபட்ட நாள் அவனுக்கு நினைவில் இல்லை. சாதனையைத் தாண்டியதும் நினைவில் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். தொண்டூரில் ஒன்றிரண்டு பேர் ராபர்ட் வேண்டுமென்றே தலைக்குப் போட்டான் என்று பேசினார்கள். எழிலின் அம்மா மகாலட்சுமி வெகுநாள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ராபர்ட் போய்வந்தான். கைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு எழிலை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். கடையில் ஃபோன் அடித்தால், திரையில் எழில் பெயர் இருந்தால், சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அப்படியே போட்டுவிட்டு எடுப்பான்.

அடுத்த சீசனில் விதி மாறியது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் மட்டை பிடிக்கக்கூடாது. விநாயகமே ஊர் ஊராகப் போய்ப் பேசி எல்லா அணியையும் ஒத்துக்கொள்ள வைத்தான். ராபர்ட் இனி ஆடமாட்டேன் என்றுதான் சொன்னான். எழில்தான் திட்டினான். "போ... போய்ப் போடு. நான் வந்து உக்காந்து பாக்குறேன்" என்றான், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

முதல் ஆட்டம் பனமலை அணியோடு. எதிரில் நின்றவன் புதியவன், ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. ராபர்ட் ஓடிவந்தான். பாதி தூரத்தில் கால் பின்னியது. நின்று, திரும்பிப் போய், மறுபடி ஓடிவந்தான். தரையிலேயே படாமல் இடுப்பளவுக்குப் போன பந்தை அந்தப் பையன் ஓங்கி அறைந்தான். பந்து கயிற்றைத் தாண்டிப் போய் விழுந்தது.

சொந்த அணிக்காரர்கள் ராபர்ட்டைப் பார்த்துக் கத்தினார்கள். அவன் பந்து போன திசையைப் பார்க்கவே இல்லை. பையன் நிற்கிறானா என்று பார்த்தான். மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டு, அடுத்த பந்துக்காக, நின்றுகொண்டுதான் இருந்தான்.